காயம் கட்டப் போனவரின் காயம்

நீலகிரி மாவட்டத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் நம் முன்னே இருக்கிறது. நான்கு பக்கக் கடிதம். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார், வெளியிடவில்லை. ஆனால் அவர் கேட்டிருக்கும் கேள்வி அவருடைய வீட்டோடு முடிந்துவிடுவதன்று. ஆம்புலன்ஸ் ஓட்டும் மகனும், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகளும், வெள்ளம் வந்தால் முதல் ஆளாக ஓடும் மருமகனும் இன்று நம்மில் பல வீடுகளில் இருக்கிறார்கள். ஆகவே தனிக் கடிதமாகப் பதில் எழுதாமல் இந்தப் பக்கங்களிலேயே எழுதுகிறோம்.

அந்தத் தாயாரின் மகன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். முதலுதவிப் பயிற்சி பெற்றவர். ஊரில் யார் மவுத்தானாலும் குளிப்பாட்டவும் கபனிடவும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். 2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் வயநாட்டில் மலை சரிந்தபோது, செய்தி கேட்ட காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு மேப்பாடிக்குப் போனவர், பதினோராம் நாள்தான் வீடு திரும்பினார். திரும்பி வந்தவர் பழைய பிள்ளையாக இல்லை என்கிறார் தாயார். இரவில் மழை பிடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். இறைச்சியைத் தொடுவதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுக்கும் நேரத்தில் வீட்டைவிட்டு வெளியேறி, அஸருக்குப் பிறகுதான் வந்தார். வெள்ளி இரவில் சாம்பிராணி போட்டால் வாசலிலேயே நின்றுவிடுகிறார். முன்பு ஒருநாளும் தவறாத சுபுஹு இப்போது அடிக்கடி தவறுகிறது. யாராவது மவுத்தானதாகச் சொல்லி அழைக்க வந்தால், ‘இல்லை என்று சொல்லுங்கள் உம்மா’ என்கிறார்.

கடிதத்தின் முடிவில் தாயார் கேட்கிறார்: “இவ்வளவு நன்மையான காரியம் செய்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஏன் இப்படி? ஈமான் பலவீனமாகிவிட்டதா? இல்லை, அங்கே ஏதும் தீண்டிவிட்டதா? ஓதிப் பார்க்க யாரிடம் அழைத்துப் போவது?”

சகோதரி! உங்கள் மகனுக்கு ஈமான் பலவீனமாகிவிடவில்லை. எதுவும் தீண்டவுமில்லை. அவர் காயம்பட்டிருக்கிறார். காயம் உடம்பில் இல்லாததால் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்வோம்.

அந்த இரவில் நடந்தது பலருக்கு மறந்துகொண்டிருக்கிறது. நள்ளிரவு கடந்து, மக்கள் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மலை முதலில் சரிந்தது. விடியுமுன் மீண்டும் சரிந்தது. முண்டக்கை, சூரல்மலை என்ற இரண்டு ஊர்களும் பாறையும் சேறுமாக மூடுண்டன. சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டதால் அக்கரையில் உயிரோடு இருந்தவர்களைக்கூட எளிதில் அடைய முடியவில்லை. இராணுவத்தார் 190 அடி நீளமுள்ள இரும்புப் பாலத்தை அமைத்து முடித்தது ஆகஸ்ட் முதல் தேதியன்று. மாண்டோர் இருநூறுக்கும் மேற்பட்டோர். சாலியாற்றின் வெள்ளம் உடல்களை மலையிலிருந்து இறக்கி, மலப்புறம் மாவட்டத்து நிலம்பூர்ப் பகுதிவரை கொண்டுபோய் ஒதுக்கியது. முழு உடல்களாக மட்டுமல்ல. அதற்குமேல் நாம் எழுதப் போவதில்லை. எழுதாததைத்தான் உங்கள் மகன் கையால் எடுத்துத் துணியில் சுற்றி, வண்டியிலேற்றிக் கொண்டுவந்திருக்கிறார். ஒருமுறையன்று, பத்து நாட்கள்.

பாலம் இல்லாத அந்த முதல் நாட்களில், நம் கூடலூரைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் ஆற்றின் குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கியபடி அக்கரைக்குப் போய், முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை செய்தார். அவருக்கு அவ்வாண்டு சுதந்திர தினத்தன்று தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது அளித்தது. இதனைப் பத்திரிகைகளில் படித்துப் பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் இப்படிப் போய் வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகு எப்படித் தூங்குகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

மருத்துவர்களே இதனைத் தனி நோயாகப் பெயரிட்டு ஏற்றது வெகு பிந்தித்தான். பெருந்துயருக்குப் பின் வரும் இந்த மன நோயை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது 1980ஆம் ஆண்டில். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த பட்டியலில் இன்னும் ஒரு படி தெளிவாக, மாண்டோரின் உடற்பகுதிகளைத் திரட்டும் மீட்புப் பணியாளர்களை உதாரணமாகவே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதாவது, ஆபத்து தன் தலைமேல் வந்து விழாவிட்டாலும், பிறர்மேல் விழுந்ததை மீண்டும் மீண்டும் கையால் தொட்டு எடுப்பதே ஒரு மனிதரை நோயாளியாக்கப் போதுமானது. கண்டது கனவில் திரும்பி வரும்; ஒரு வாசனையோ ஓசையோ பட்டதும் அந்த இடத்திலேயே நிற்பது போலிருக்கும்; அதை நினைவூட்டும் எல்லாவற்றையும் விட்டு மனம் ஓடும்; உறக்கம் கெடும்; முன்கோபம் வரும்; பிரியமானவர்களிடத்திலும் ஒட்டாமற்போகும். தாயாரின் கடிதத்திலுள்ளது வேறு என்ன? மழை அவருக்கு மழையல்ல. சாம்பிராணி அவருக்கு மய்யித்து வீட்டின் வாசனை.

‘அல்லாஹ்வை நம்புகிறவனுக்கு இப்படியெல்லாம் வருமா?’ என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. கேட்பவர் பெரும்பாலும் ஒரு மய்யித்தையும் தூக்கியிராதவராக இருப்பார். அது கிடக்கட்டும். கேள்விக்குப் பதில் நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வாழ்விலேயே இருக்கிறது.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போரில் நாயகத்தின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். வஹ்ஷீ என்ற அடிமை, விடுதலை கிடைக்குமென்ற ஆசையில் மறைந்திருந்து ஈட்டியெறிந்து கொன்றார். பிறகு பகைவர்கள் அந்த உடலைச் சிதைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டார்கள். ஆண்டுகள் சென்றன. மக்கா வெற்றிகொள்ளப்பட்டது. அதன் பின்னர் அதே வஹ்ஷீ மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தைத் தழுவினார். நாயகம் அவரை ஏற்றுக்கொண்டார்கள். இஸ்லாத்தைத் தழுவியவரின் முந்திய பாவங்கள் அழிந்துவிடும் என்று உலகுக்குக் கற்பித்தவர்களே அவர்கள்தாமே! பழிவாங்கவில்லை, கடிந்து பேசவில்லை. ஆனால் ஹம்ஸாவைக் கொன்றது நீர்தானா என்று கேட்டறிந்த பின், உமது முகம் என் கண்ணில் படாமல் இருந்துகொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டார்கள். இதனை வஹ்ஷீ (ரலி) அவர்களே தம் வாயால் அறிவித்திருப்பதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். நாயகத்தின் காலம்வரை அவர் அந்த வேண்டுகோளைப் பேணி நடந்தார். நாயகம் மறைந்த பின், யமாமாப் போரில் பொய்த்தூதன் முஸைலிமா கொல்லப்பட்டது அவர் எறிந்த அதே ஈட்டியால்தான்.

அன்பர்களே, இதைச் சற்று நின்று யோசியுங்கள். மன்னித்தல் முழுமையாக இருந்தது. விதியில் நம்பிக்கை முழுமையாக இருந்தது. பொறுமையில் அவர்களுக்கு நிகர் படைப்பில் எவருமில்லை. ஐந்தாறு ஆண்டுகளும் கழிந்திருந்தன. அப்படியிருந்தும் அந்த முகத்தைக் காணும்போது அந்தக் காட்சி எழும் என்பதை நாயகம் (ஸல்) மறைக்கவில்லை. இதை நோயென்று சொல்ல நாம் துணியமாட்டோம். அல்லாஹ் நம்மைக் காப்பானாக! அல்லாஹ் படைத்த மனித இதயத்தின் இயல்பு இது. நபிமாரின் இதயத்தையும் அவன் கல்லாகப் படைக்கவில்லை. சில காட்சிகள் ஈமானைத் தாண்டியல்ல, ஈமான் குடியிருக்கும் அதே இதயத்தில்தான் பதிகின்றன. உங்கள் மகன் சாம்பிராணிப் புகையைக் கண்டு வாசலில் நின்றுவிடும்போது அவரைப் பரிகசிக்கிறவர்கள், யாரைப் பரிகசிக்கிறோமென்று தெரிந்து செய்யட்டும்.

அதே உஹதில் இன்னொரு நிகழ்ச்சி. ஹம்ஸாவின் சகோதரி ஸபிய்யா (ரலி) அவர்கள் போர்க்களத்தை நோக்கி விரைந்து வருவதைக் கண்ட நாயகம், சிதைந்த உடல்களை அப்பெண்மணி காண்பதை விரும்பாமல், அவருடைய மகன் ஸுபைர் (ரலி) அவர்களை அனுப்பித் தடுக்கச் செய்தார்கள் என்று முஸ்னது அஹ்மதில் வருகிறது. ஸபிய்யா கோழையல்லர், மகனின் நெஞ்சில் அடித்துத் தள்ளிக்கொண்டு வந்த வீரப் பெண்மணி. நாயகத்தின் கட்டளையென்றதும் நின்று, கபனுக்கென்று கொண்டுவந்திருந்த இரண்டு துணிகளை எடுத்துக் கொடுத்தார். தைரியசாலியானாலும், காண வேண்டாத காட்சியிலிருந்து ஒருவரைக் காப்பது இதிலே நாம் பெறும் பாடமாகும்.

நம் நடைமுறை என்ன? அந்தக் கடிதத்திலேயே ஒரு செய்தி. மகன் திரும்பி வந்த இரண்டாம் வாரம் ஊரில் பாராட்டுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். பொன்னாடை போர்த்தி, ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து, ‘அங்கே கண்டதைச் சொல்லுங்கள்’ என்றிருக்கிறார்கள். அவர் நான்கு வார்த்தை பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டாராம். பெரியவர்கள் வருத்தப்பட்டார்களாம். வருத்தப்பட வேண்டியவர் யார்? நன்றி சொல்வது நம் மார்க்கத்தின் பண்பு. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார். ஆனால் நன்றி சொல்லும் சாக்கில் ஒருவருடைய புண்ணைக் கிளறி ஊர் பார்க்க வைப்பது நன்றியாகாது. வீட்டிலும் இதுவே நடக்கிறது. விருந்தாளி வந்தால், ‘நீ கண்டதைச் சொல்லு’ என்று பிள்ளையை அழைப்பது. கைபேசியில் அந்தப் படக்காட்சிகளைப் போட்டு, ‘இதிலே நீ இருக்கிறாயா?’ என்று கேட்பது. இவற்றை உடனே நிறுத்த வேண்டும்.

இன்றைய மருத்துவமும் இதையே சொல்கிறது. பேரிடருக்குப் பின் அனைவரையும் உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லச் செய்யும் முறை ஒரு காலத்தில் நல்லதென்று கருதப்பட்டது. ஆராய்ந்து பார்த்ததில் அதனால் பயனில்லை என்று தெரிந்து, உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டில் அதைச் செய்ய வேண்டாமென்றே அறிவுறுத்தியது. தூக்கமில்லையென்று முதல் மாதத்திலேயே மயக்க மாத்திரை கொடுப்பதையும் வேண்டாமென்றது. மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்கிக் கொடுக்கும் வீட்டார் கவனிக்க! அவராகப் பேச வந்தால் கேளுங்கள். குறுக்கே பேசாமல், தீர்ப்புச் சொல்லாமல் கேளுங்கள். பேச வராவிட்டால் பக்கத்தில் இருங்கள். சூடான கஞ்சியும், அமைதியான அறையும், ‘எங்களுக்கு நீ போதும்’ என்ற ஒரு வார்த்தையும் அந்த நாட்களில் பெரிய மருந்து.

அழுதால் தடுக்காதீர்கள். ஆண்பிள்ளை அழலாமா என்கிறார்கள். தம் மகளாரின் குழந்தை உயிர் பிரியும் தறுவாயில் மடியில் கிடந்தபோது நாயகத்தின் கண்கள் நீர் சொரிந்தன. உடனிருந்த ஸஃது (ரலி) அவர்கள் வியந்து, இது என்னவென்று கேட்டபோது, அல்லாஹ் தன் அடியார்களின் இதயங்களில் வைத்த இரக்கம் இது என்று விளக்கினார்கள். இதுவும் புகாரியில் உள்ளதே. ஒப்பாரியும் மாரடிப்பும் ஆகாதவை, கண்ணீர் ஆகாததன்று.

நிற்க. சுபுஹு தவறுவதைப் பற்றித் தாயார் மிகவும் கலங்குகிறார். கலக்கம் நியாயமானதே, தொழுகையை இலேசாக எண்ணும் வீடல்ல என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறோம். கைபர்ப் போர் முடிந்து திரும்பும் வழியில் படை இரவின் பிற்பகுதியில் தங்கியது. சுபுஹுக்கு எழுப்பும் பொறுப்பை பிலால் (ரலி) ஏற்றுக்கொண்டார்கள். களைப்பு மிகுதியால் ஒட்டகத்தில் சாய்ந்தபடி அவர்களும் உறங்கிவிட்டார்கள். வெயில் மேலே பட்டபோதுதான் விழித்தார்கள். முதலில் விழித்தவர்கள் நாயகம்தாம். பிலாலைக் கடிந்துகொள்ளவில்லை. அங்கிருந்து சற்று நகர்ந்து, ஒளுச் செய்து, ஜமாஅத்தாகத் தொழவைத்தார்கள். முஸ்லிம் ஷரீபிலே விரிவாகக் காணலாம். போரிலிருந்து திரும்பிய உடல்கள் உறங்கின. ஷரீஅத் அவற்றைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து விடியற்காலையில் கண்ணயரும் மகனை எழுப்ப வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தோளைத் தொட்டு மெல்ல எழுப்புங்கள். உரத்துக் கூப்பிட்டுத் திடுக்கிட வைக்காதீர்கள். எழ முடியாமற் போனால், விழித்ததும் களாச் செய்யட்டும். ‘முனாபிக்’ என்ற சொல் உங்கள் நாவிலிருந்து வரவேண்டாம். அவரே தம்மை அப்படித்தான் எண்ணிக்கொண்டிருப்பார்.

பணியிலிருந்த பத்து நாட்களில் விட்ட தொழுகைகளும் அவரை அரிப்பதாகத் தெரிகிறது. கூடலூர் பக்கத்திலிருந்து மேப்பாடிக்குப் பயணச் சலுகைக்குரிய தூரம் வராது. தொலைவிலிருந்து போனவர்களுக்கு அது உண்டு. ஆனால் சலுகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓர் அடிப்படையை அறிந்துகொள்ள வேண்டும். தொழுதுகொண்டிருப்பவர், நீரில் ஒருவர் மூழ்குவதைக் கண்டு காப்பாற்ற இயலுமாயின், தொழுகையை முறித்துவிட்டுப் போய்க் காப்பாற்றுவது கடமையென்று ஹனபீ, ஷாபிஈ இரு மத்ஹபினரும் கூறுகின்றனர். ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) தம்முடைய ‘கவாயிதுல் அஹ்காம்’ என்ற கிரந்தத்தில், மூழ்குபவரைக் காப்பதைத் தொழுகையை நிறைவேற்றுவதற்கு முற்படுத்த வேண்டுமென்றும், காப்பாற்றிய பின் தொழுகையைக் களாச் செய்துகொள்வதால் இரண்டு நன்மைகளும் கைகூடுமென்றும் காரணம் காட்டி விளக்குகிறார். நோன்பாளி கூட அவ்வாறு காப்பதற்கு நோன்பை விட்டாக வேண்டியிருந்தால் விடலாமென்கிறார். எனவே உயிரொன்று தம் கையில் இருந்த நேரத்தில் தவறிய வக்துகள் பாவப் பட்டியலில் சேர்வன அல்ல. ஓய்வாக, ஒவ்வொன்றாகக் களாச் செய்துகொள்ளட்டும். எத்தனை வக்து என்பதை உள்ளூர் ஆலிமிடம் உட்கார்ந்து கணக்கிட்டு ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால், மனதில் கிடக்கும் மலை எண்ணிக்கையில் அடங்கிவிடும்.

இன்னொரு முள்ளும் அவர் நெஞ்சில் இருக்கிறது. ‘யாருடையதென்று தெரியாமல் அடக்கினோமே, முஸ்லிமா இல்லையா, தொழுகை நடந்ததா?’ என்று உறக்கத்தில் கேட்கிறாராம். அடையாளம் தெரியாதவர்கள் புத்துமலையில், தேயிலைத் தோட்ட நிலத்தில் அடக்கப்பட்டார்கள். கல்லறைகளில் பெயருக்குப் பதில் எண்கள் இடப்பட்டன. மரபணுச் சோதனையால் பின்னர் பலர் இன்னாரென்று தெரியவந்தது. ஷாபிஈ மத்ஹபில், இறந்துவிட்டார் என்று உறுதியான ஒரு முஸ்லிமின் உடற்பகுதி மட்டும் கிடைத்தாலும் குளிப்பாட்டி, கபனிட்டுத் தொழவேண்டும். முஸ்லிமும் மற்றவரும் பிரித்தறிய முடியாமல் கலந்திருந்தால், முஸ்லிம்களுக்கென்று நிய்யத் வைத்துத் தொழலாம். அவ்வாறு நடந்ததோ இல்லையோ, அதற்கான பொறுப்பு வண்டி ஓட்டியவர் தலையில் இல்லை. அவர் தம்மால் இயன்றதைக் கண்ணியத்தோடு செய்துவிட்டார். தவிர, நீரில் மூழ்கி மாண்டவரும் இடிபாட்டில் சிக்கி மாண்டவரும் ஷஹீதுகளின் நன்மையைப் பெறுவார்கள் என்று நாயகம் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். அவர் தூக்கிவந்தது யாரை என்பதை அவருக்கு இப்படியும் சொல்லிப் பாருங்கள்.

‘பத்து நிமிடம் முன்னே போயிருந்தால்’ என்பது அடுத்தது. இந்த வேலையிலிருக்கும் எல்லோரையும் இது பிடிக்கிறது, டாக்டர்களையும் விடுவதில்லை. நடந்து முடிந்தபின் ‘அப்படிச் செய்திருந்தால்’ என்று சொல்வது ஷைத்தானின் வேலைக்குக் கதவைத் திறந்துவிடும் என்று நாயகம் எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் கதர் நம்பிக்கையை ஆறுதலாகச் சொல்வதற்கும், வாயை அடைக்கும் கல்லாக எறிவதற்கும் வேறுபாடு உண்டு. ‘எல்லாம் விதி, விட்டுத் தள்ளு’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். பாலமே இல்லாத ஆற்றை எப்படிக் கடந்திருக்க முடியும் என்று அவரோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது திருமறையின் போதனை. அவருடைய வண்டியில் உயிரோடு ஆஸ்பத்திரி சேர்ந்தவர்களும் இருந்திருப்பார்களே! அவர்களை அவர் எண்ணுவதில்லை. நீங்கள் எண்ணிச் சொல்லுங்கள்.

இனி, ஓதிப் பார்க்கும் விஷயம். இரவில் படுக்கும்போது இக்லாஸ், பலக், நாஸ் சூராக்களை ஓதிக் கைகளில் ஊதி உடம்பில் தடவிக்கொள்வது நாயகத்தின் வழக்கம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அதை மகன் செய்யட்டும். முடியாவிட்டால் தாயாகிய நீங்கள் ஓதித் தடவிவிடுங்கள். உங்கள் கையைவிடச் சிறந்த கை வேறு எது? ஆனால், ‘மலையில் ஜின் பிடித்துவிட்டது, கழிப்பு எடுக்க வேண்டும்’ என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களின் வாசலை மிதிக்காதீர்கள். கனவுகள் மூவகை என்று ஹதீஸில் வருகிறது. அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி ஒன்று. ஷைத்தான் ஊட்டும் துயரம் ஒன்று. மனிதனின் மனம் தனக்குத் தானே பேசிக்கொள்வது மூன்றாவது. கண்டதையே கண்டு அலறும் கனவு இந்த மூன்றாம் வகையோடு ஒட்டியது என்றே நாம் கருதுகிறோம். அதற்குத் தஃபீர் சொல்லத் தேவையில்லை. வைத்தியம் செய்ய வேண்டும்.

ஆம், வைத்தியம்! மன நோய்க்கு மருத்துவரிடம் போவதை இழுக்காக எண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நம் முன்னோரிடமிருந்து வரவில்லை. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில், கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் பற்றித் தனித்தனிப் பகுதிகளாக ஒரு நூல் எழுதினார். வைத்தியர்கள் உடலை மட்டும் கவனித்து உள்ளத்தை விட்டுவிடுகிறார்களே என்று அதிலே குறைப்பட்டுக்கொண்டார். கோபத்துக்கும் அச்சத்துக்கும் துயரத்துக்கும் தீராத எண்ணங்களுக்கும் தனித்தனியே சிகிச்சை கூறினார். பாக்தாதிலும் கெய்ரோவிலும் மருத்துவமனைகளில் மன நோயாளிகளுக்கு இடம் இருந்தது. நோய்க்கு மருந்து தேடுங்கள் என்ற நாயகத்தின் கட்டளையில் மன நோய் மட்டும் விலக்கப்படவில்லை.

பேரிடரிலிருந்து திரும்பியவர்களில் மிகப் பலருக்கு இந்தக் கலக்கம் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகனுக்கு ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது, இனித் தாமதிக்காதீர்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக வெட்கப்பட்டால், முதலில் தொலைபேசியிலேனும் பேசலாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இந்நோய்க்கு மருந்தும் உண்டு. மருந்தைவிட முக்கியமாக, அந்த நினைவைப் பாதுகாப்பான இடத்திலிருந்து சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை உண்டு. மழையும் இறைச்சியும் சாம்பிராணியும் காலமெல்லாம் அவருக்கு விலக்கு என்று எண்ணிவிட வேண்டாம். ஆனால் எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரும் அவரும் தீர்மானிக்கட்டும்; மாமாவும் சித்தப்பாவும் தீர்மானிக்க வேண்டாம். ‘செத்துப் போயிருக்கலாம்’ என்ற பேச்சு அவர் வாயிலிருந்து எப்போதாவது வந்தால், மரணத்தை விரும்புவது கூடாதென்ற சட்டத்தை அப்போது எடுத்து ஓதிக்கொண்டிராமல், தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மகளோ மருமகளோ நர்ஸாக இருக்கும் வீட்டாருக்கும் இவையெல்லாம் பொருந்தும். அவர்களுக்குக் கூடுதலாக ஒரு சுமை உண்டு. ஆண் திரும்பி வந்தால் ஓய்வெடுக்கிறார். பெண் திரும்பி வந்தால் அடுப்படிக்குப் போகிறாள். ‘இந்த வேலை நமக்கெதற்கு’ என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும். நாயகத்தோடு ஏழு படையெடுப்புகளில் சென்று காயமுற்றோருக்கு மருந்திட்ட உம்மு அத்திய்யா (ரலி), போர்க்களத்திலிருந்து காயமுற்றோரையும் மாண்டோரையும் மதீனாவுக்குக் கொண்டுவந்து சேர்த்த ருபய்யிஃ (ரலி), பள்ளிவாசலில் கூடாரமடித்து ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குச் சிகிச்சை செய்த ருபைதா (ரலி) ஆகியோரின் வாரிசுகள் இவர்கள். ஒரு வாரம் சமையலை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

மஹல்லா ஜமாஅத்தினருக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மய்யித்தைக் குளிப்பாட்டுவதும் கபனிடுவதும் பர்ளு கிபாயா. ஊரார் அனைவர்மீதும் உள்ள கடமை அது. சிலர் செய்வதால் மற்றவர்களுக்கு நீங்குகிறது. ஆனால் எந்த ஊரில் பார்த்தாலும் குளிப்பாட்டுவது அதே நான்கு பேர். விபத்தில் சிதைந்தது, நீரில் கிடந்து ஊறியது, தூக்கிலிருந்து இறக்கியது எல்லாவற்றுக்கும் அவர்களே. மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, ‘பாவம், நல்ல பையன்கள்’ என்பார்கள். முறை வைத்து இருபது பேரைப் பழக்கினால் என்ன? அந்தத் தாயாரின் மகனை ஊரார் இனி ஓராண்டுக்காவது அந்த வேலைக்குக் கூப்பிடாமல் இருக்க வேண்டும். அவர் வராததற்குக் காரணம் கேட்கவும் வேண்டாம். தொழுகைக்கு வரும்போது, ஜனாஸா பள்ளியின் முன்னே வைக்கப்பட்டிருந்தால், அவர் பின் வரிசையிலோ வெளித் திண்ணையிலோ நின்றால் விட்டுவிடுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், இடமில்லாமல் நெருக்கி, தாயார் இன்னொரு கேள்வியும் எழுதியிருக்கிறார்: “வெள்ளி இரவில் சாம்பிராணி போடாமல் பாத்திஹா ஓதினால் குறையாகுமா? என் மாமியார் காலத்திலிருந்து போட்டு வருகிறோம்.” குறையாகாது, சகோதரி. சாம்பிராணி வழக்கம்தான், ஓதுவதற்கு அது நிபந்தனையல்ல. தூபக்கலசத்தைத் துடைத்துப் பரணில் வைத்துவிடுங்கள். வரும் வெள்ளி இரவில் மகன் உள்ளே வந்து உங்கள் பக்கத்தில் உட்காருகிறாரா என்று பார்த்து எழுதுங்கள்.